பதிவாகாத நடிப்பு: லாரட் டெய்லரின் மேடை வாழ்க்கை

2003இல் ரிக் மெக்கே என்பவர் ‘பிராட்வே: தி கோல்டன் ஏஜ்’ என்றொரு ஆவணப்படத்தை வெளியிட்டார். நியூயார்க் நாடக மேடையின் மூத்த கலைஞர்களை நேரில் கண்டு, அவர்களுடைய நினைவுகளைத் தொகுத்த படம் அது. வாழ்நாளில் தாங்கள் கண்டவற்றுள் தலைசிறந்த நடிப்பு எது என்ற பேச்சு எழும்போது, ஒருவர் பின் ஒருவராக லாரட் டெய்லர் என்ற பெயரையே அவர்கள் உச்சரிக்கின்றனர். தாம் கண்டவற்றுள் அதற்கு ஈடானது இல்லை என்கிறார் பட்ரீஷியா நீல். யாரோ ஒரு பெண்மணியைத் தெருவிலிருந்து அழைத்துவந்து மேடையில் விட்டுவிட்டார்கள் என்று தோன்றியதாகச் சொல்கிறார் சார்லஸ் டர்னிங். இவர்கள் எல்லோரும் பேசுவது ஒரே நாடகத்தைப் பற்றி. 1945இல் நியூயார்க்கில் அரங்கேறிய டென்னசி வில்லியம்ஸின் ‘தி கிளாஸ் மெனாஜரி’யைப் பற்றி. அந்த நாடகத்தை எவரும் படம்பிடித்து வைக்கவில்லை.

காணக் கிடைக்காத ஒரு நடிப்பை மாபெரும் நடிப்பு என்று வரலாறு எழுதலாமா? சாட்சியம் மட்டும் போதுமா? அரை நூற்றாண்டுக்குப் பின் சொல்லப்படும் நினைவில் இளமையின் மீதான ஏக்கமும் கலந்திருக்கும் அல்லவா? லாரட் டெய்லரின் வாழ்க்கையைப் படிக்கும்தோறும் இக்கேள்விகள் நம்மை விடுவதில்லை. அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டே அவர் கதையைச் சொல்ல முற்படுகிறோம்.

*

லாரட் 1883 ஏப்ரல் 1 அன்று நியூயார்க்கில் ஐரிஷ் வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். குடும்பப் பெயர் கூனி. ‘டெய்லர்’ என்பது முதல் கணவர் சார்லஸ் டெய்லரிடமிருந்து வந்தது. 1901இல் அவரை மணந்தபோது லாரட்டுக்கு வயது 18. கணவரோ வயதில் மிக மூத்தவர். மலிவு விலைக் கொட்டகைகளுக்கான பரபரப்பு நாடகங்களை எழுதிக் குவித்தவர். தீ, வெள்ளம், வில்லன், கடைசி நொடியில் மீட்பு என்று ஓடும் அந்நாடகங்களில் ஊர் ஊராகச் சென்று நடித்ததே லாரட்டின் நடிப்புப் பள்ளி. இரண்டு குழந்தைகள் பிறந்தன. திருமணம் நிலைக்கவில்லை.

1910இல் ‘ஏலியாஸ் ஜிம்மி வாலன்டைன்’ நாடகத்தின் வழியே நியூயார்க் அவரைக் கவனிக்கத் தொடங்கியது. 1912 தொடக்கத்தில் ‘தி பேர்ட் ஆஃப் பாரடைஸ்’ என்ற நாடகத்தில் ஹவாய்த் தீவின் இளவரசி லுவானாவாக நடித்தார். ஐரிஷ் பெண் ஒருத்தி தோலுக்கு நிறம் பூசிக்கொண்டு தீவுப் பெண்ணாக வருவதில் அக்காலத்தவர் எவருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. இன்று நமக்கு இருக்கிறது. ஆயினும் அமெரிக்காவில் ஹவாய் இசைமீது மோகம் பிறந்ததற்கு அந்நாடகமும் ஒரு காரணம் என்பர்.

அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று நியூயார்க்கில் கோர்ட் என்ற புதிய அரங்கு திறக்கப்பட்டது. திறப்பு நாடகம் ‘பெக் ஓ மை ஹார்ட்’. எழுதியவர் ஜே. ஹார்ட்லி மானர்ஸ் என்ற ஆங்கிலேயர். நாடகம் தொடங்கிய இரண்டாம் நாள் அவரையே லாரட் மணந்துகொண்டார். கதை எளியது. நியூயார்க்கில் வளர்ந்த ஏழை ஐரிஷ் பெண் பெக், கையில் ஒரு நாயுடன் இங்கிலாந்தில் உள்ள செல்வந்த உறவினர் வீட்டுக்கு வந்து சேர்கிறாள். வங்கி முறிந்து கைப்பொருள் இழந்திருக்கும் அக்குடும்பம், அவளை வளர்ப்பதற்குக் கிடைக்கும் பணத்துக்காக மட்டுமே அவளைச் சகித்துக்கொள்கிறது. மீதியை வாசகர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம். 600 காட்சிகளுக்கு மேல் நியூயார்க்கில் மட்டும் ஓடியது. 1914இல் லாரட் அதை லண்டனுக்குக் கொண்டுசென்றார். போர் மூண்டபோதும் அங்கே கூட்டம் குறையவில்லை. நாடகத்தின் பெயரில் 1913இல் ஒரு பாடல் எழுந்தது. நாடகத்தை மறந்தவர்களும் பாடலை மறக்கவில்லை. 1947இல்கூட அது மீண்டும் அமெரிக்காவெங்கும் ஒலித்தது.

‘பெக்’ வாயிலாகப் புகழ் உச்சியிலிருந்த 1914இல் லாரட் ஒரு சிறு கட்டுரை எழுதினார். நடிகைக்கு மிகத் தேவையான பண்பு எது என்பது அதன் பொருள். அழகு அன்று, தனித்த ஆளுமைக் கவர்ச்சியும் அன்று, கற்பனையே என்பது அவருடைய விடை. அழகு சில வேளைகளில் தடையாகவே முடியும் என்கிறார். தன் முகம் எப்படித் தெரிகிறது என்ற கவலையில் இருப்பவளால் இன்னொருத்தியாக மாற இயலாது. பாத்திரத்தின் முழு வாழ்க்கையையும் உள்ளே கட்டியெழுப்பிக்கொண்டால், வெளியே தெரிய வேண்டியது தானே தெரியும். இன்று இதனை எந்த நடிப்புப் பள்ளியின் மாணவரும் சொல்லிவிடுவார். ஆனால், ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் மாஸ்கோ கலை அரங்கு அமெரிக்காவுக்கு வந்து நடித்தது 1923இல்தான். அதற்கு 9 ஆண்டுகள் முன்னரே, மலிவுக் கொட்டகைகளில் தீயிலும் வெள்ளத்திலும் குதித்து வளர்ந்த ஒரு பெண் இதை எழுதியிருக்கிறார் என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளத்து நிகழ்வு உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் படித்த நமக்கு, லாரட் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது உடனே விளங்கும். உள்ளத்தில் ஒன்றும் நிகழாதபோது உடல் காட்டுவது வெறும் குறிப்பு.

*

அடுத்து வந்த பதினைந்து ஆண்டுகளை என்னவென்று சொல்வது? மானர்ஸ் மனைவிக்காகவே நாடகங்கள் எழுதினார். மனைவி அவற்றிலேயே நடித்தார். ‘தி ஹார்ப் ஆஃப் லைஃப்’, ‘அவுட் தேர்’, ‘ஹாப்பினஸ்’, ‘ஒன் நைட் இன் ரோம்’ என்று பட்டியல் நீள்கிறது. இன்று அவற்றுள் எதையும் எவரும் மேடையேற்றுவதில்லை. நடிகையின் திறனுக்கு ஈடுகொடுக்காத நாடகங்கள் என்று விமர்சகர்கள் அப்போதே குறைகூறினர். 1918இல் லாரட் ஷேக்ஸ்பியரின் நாடகக் காட்சிகள் சிலவற்றை நடித்துப் பார்த்தார், வரவேற்பு இல்லை. மானர்ஸ் நல்ல கணவர், அன்பு மிக்கவர், ஒழுங்கு மிக்கவர். இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், ஒரு மாபெரும் நடிகையின் நடு வயதைத் தம் இரண்டாந்தர எழுத்துக்குள் அடைத்துவைத்தார் என்ற குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவிக்க நம்மால் இயலவில்லை. லாரட்டுக்கும் அதில் பங்குண்டு, அன்பினால் ஒப்புக்கொண்டார்.

அவர்களுடைய வீட்டு விருந்துகள் பெயர் பெற்றவை. வருவோரை எல்லாம் பிடித்து வைத்து வார்த்தை விளையாட்டுகளில் இழுத்துவிட்டு, தோற்றவர்களைக் கேலி செய்து, குடும்பத்தார் தமக்குள் சண்டையிட்டு, விருந்தினரை நட்டாற்றில் விட்டுவிடுவார்களாம். 1921இல் அங்கே சென்றுவந்த இளைஞர் நோயல் கவர்ட், பின்னர் எழுதிய ‘ஹே ஃபீவர்’ என்ற நகைச்சுவை நாடகத்துக்கு அந்த வீடே மூலம். லாரட்டுக்கு அது பிடிக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. மானர்ஸ் எழுதிய நாடகங்கள் மறைந்தன. அவர் வீட்டு வரவேற்பறையைக் கண்டு இன்னொருவர் எழுதிய நாடகம் இன்றும் நடிக்கப்படுகிறது.

இக்காலத்தில்தான் திரைப்படம் அவரைத் தேடி வந்தது. 1922இல் ‘பெக்’ கதையைக் கிங் விடர் படமாக்கினார். அப்போது லாரட்டுக்கு 39 வயது. பெக்கோ பருவம் எய்திய சிறுமி. முதல் சோதனைப் படப்பிடிப்பில் வயது அப்பட்டமாகத் தெரிந்தது. விடர் ஒளியமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்து, முகத்தின் கோடுகளைக் கரைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். லாரட்டுக்கு அப்படத்தின் மீது தீராத காதல் ஏற்பட்டது. பிரதி ஒன்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருவோர்க்கெல்லாம் போட்டுக் காட்டினார் என்று விடர் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். முகம் எப்படித் தெரிகிறது என்று கவலைப்படக் கூடாது என்று எழுதிய அதே பெண்! 1924இல் மேலும் இரண்டு படங்கள்: ‘ஹாப்பினஸ்’, ‘ஒன் நைட் இன் ரோம்’. அத்துடன் அவருடைய திரை வாழ்க்கை முடிந்தது.

‘பெக்’ படம் இன்றும் எஞ்சியிருக்கிறது. அதைக் காண்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். துறுதுறுப்பான, இனிய, சற்று மிகையான ஒரு நடிகை தெரிகிறார், மாமேதை தெரியவில்லை. இதைக் கொண்டு மேடைச் சாட்சிகளைத் தள்ளிவிடலாமா? அது முறையாகாது என்பது நம் எண்ணம். லாரட்டின் நடிப்பைப் பற்றி எழுதிய எவரும் அவருடைய குரலைத் தொடாமல் விட்டதில்லை. பாதியில் நின்று, தயங்கி, எங்கோ நினைவு போய்த் திரும்பி வரும் பேச்சுமுறையைச் சொல்லாமல் விட்டதில்லை. அந்தக் குரலை மௌனப்படம் முதலில் பறித்துவிட்டது. அடுத்து வயதை மறைக்கும் வேலையை முகத்தின் மீது சுமத்தியது. மீதியிருப்பதைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது, வீணையின் நிழற்படத்தைப் பார்த்து இராகத்தைக் குறை சொல்வது போன்றது.

*

1928 டிசம்பரில் மானர்ஸ் இறந்தார். ஏற்கெனவே இருந்த குடிப்பழக்கம் லாரட்டை முழுமையாக விழுங்கியது. பத்தாண்டுகள். இடையில் 1932இல் ஜே. எம். பாரியின் நாடகங்களில் மேடை திரும்பினார், அது நிலைக்கவில்லை. தயாரிப்பாளர்கள் அவரை நம்பத் தயங்கினர். அக்காலத்தைப் பற்றி மகள் மார்கரெட் கோர்ட்னி 1955இல் வெளியிட்ட ‘லாரட்’ என்ற வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தாயைப் பற்றிய நூல்களில் அதற்கு இணையான நேர்மையை நாம் அதிகம் கண்டதில்லை. அந்தத் தாயோடு வாழ்வது எத்தனை கடினம் என்பதை ஒவ்வொரு பக்கமும் சொல்கிறது. ஆனால் வழக்குரைக்கும் தொனி எங்குமில்லை.

1938 டிசம்பரில் சட்டன் வேனின் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ நாடகம் நியூயார்க்கின் பிளேஹவுஸ் அரங்கில் மீண்டும் மேடையேறியது. இயக்கியவர் ஆட்டோ பிரெமிஞ்சர். கப்பல் ஒன்றில் சிலர் பயணம் செய்கின்றனர். தாங்கள் இறந்துவிட்டவர்கள் என்பதை மெல்ல உணர்கின்றனர். அவர்களுள் திருமதி மிட்ஜெட் என்ற ஏழை வேலைக்காரி ஒருத்தி. அதே கப்பலில் வரும் குடிகார இளைஞன் ஒருவன் அவள் பெற்ற மகன். அவனுக்கு அது தெரியாது. அவளும் சொல்வதில்லை. குடியால் பத்தாண்டுகளை இழந்த நடிகைக்குக் குடிகாரனின் தாயாக நடிக்கும் வேடம் வாய்த்தது. முதல் இரவில் அவர் மேடைக்குத் திரும்பியதற்கே அவையோர் எழுப்பிய ஆரவாரம் அடங்க நெடுநேரம் ஆயிற்று. நாடகம் 250 காட்சிகளைத் தாண்டியது.

அந்நாடகத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்றவர்களுள் ஒருவர் இளம் நடிகை ஊட்டா ஹேகன். பின்னாளில் நியூயார்க்கில் நடிப்புப் பயிற்றுவித்து, இரண்டு தலைமுறை நடிகர்களை உருவாக்கிய அவர், 1973இல் எழுதிய நூலில் லாரட்டிடம் கேட்டறிந்ததை நினைவுகூர்கிறார். பாத்திரத்தின் உள்ளாடையையும் தாமே அணிந்திருப்பதாக உணரும்வரை ஒத்திகையில் தேடிக்கொண்டே இருப்பாராம் லாரட். இதைவிடத் துல்லியமான நடிப்புக் கொள்கை விளக்கம் எதையும் பாடநூல்களில் நாம் படித்த நினைவில்லை.

இதையொட்டிய காலத்தில்தான் ஹாலிவுட்டும் ஒருமுறை கதவைத் தட்டியது. ‘தி யங் இன் ஹார்ட்’ என்ற படத்தின் முதியவள் வேடத்துக்காகத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் அவரை வைத்துச் சோதனைப் படம் எடுத்தார். வேடம் வேறொருவருக்குப் போயிற்று.

‘அவுட்வர்ட் பவுண்ட்’ வெற்றிக்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் லாரட் காத்திருந்தார். வந்த நாடகங்களைத் திருப்பி அனுப்பினார். ‘பெக்’ காலத்தில் செய்யத் தவறியதை முதுமையில் செய்தார் எனலாம்.

*

1944இல் அதுவரை பெயர் பெறாத 33 வயது எழுத்தாளர் டென்னசி வில்லியம்ஸின் பிரதி அவர் கைக்கு வந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்து ஒண்டுக்குடித்தனம். கணவன் ஓடிப்போன அமண்டா என்ற தாய். காலணிக் கிடங்கில் வேலை செய்யும் மகன் டாம். கால் ஊனமுற்று, கண்ணாடி விலங்குப் பொம்மைகளோடு ஒடுங்கிக் கிடக்கும் மகள் லாரா. அவளைத் திருமணம் செய்துகொள்ளக்கூடும் என்று நம்பி விருந்துக்கு அழைக்கப்படும் ஓர் இளைஞன். வில்லியம்ஸ் தம் தாயையும் தமக்கை ரோஸையும் கொண்டு எழுதிய நாடகம் அது. உள்நோய் தீர்ப்பதாகச் சொல்லி 1943இல் ரோஸுக்கு மூளை அறுவை செய்திருந்தனர். அதன்பின் அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

அமண்டா எளிதில் கேலிப்பொருளாகிவிடக்கூடிய பாத்திரம். ஓயாமல் பேசுகிறவள், பிள்ளைகளைக் குத்திக் குத்திக் காட்டுகிறவள், தென்மாநிலத்தில் கழித்த இளமையையும், தன்னைத் தேடி வந்த காதலர்களின் எண்ணிக்கையையும் மீண்டும் மீண்டும் சொல்கிறவள். அவளை வில்லியாக்கலாம், கோமாளியாக்கலாம். பின்வந்த நடிகையர் பலர் இவ்விரண்டில் ஒன்றில் சறுக்கியிருக்கின்றனர்.

ஒத்திகையில் லாரட் எல்லோரையும் கலங்க வைத்தார். வசனங்களை முணுமுணுத்தார். மற்றவர் நடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனப்பாடம் செய்யவில்லை, குடி மறுபடி தொடங்கிவிட்டது, நினைவு போய்விட்டது என்றெல்லாம் அஞ்சினர். தென்மாநில உச்சரிப்புக்காக வில்லியம்ஸைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சிகாகோவின் சிவிக் அரங்கில் 1944 டிசம்பர் 26 அன்று முதல் காட்சி. அதற்குச் சில மணி நேரம் முன்பு அவரைத் தேடியவர்கள், அரங்கின் அடித்தளத்தில் சாயத்தொட்டியின் முன் குனிந்து நிற்கக் கண்டனர். அமண்டா அணிய வேண்டிய பழைய அங்கிக்குத் தாமே நிறம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு சிகாகோவில் கடுங்குளிர். அரங்கு நிரம்பவில்லை. கிளாடியா காசிடி, ஆஷ்டன் ஸ்டீவன்ஸ் என்ற இரு நாடக விமர்சகர்கள் மட்டும் தாம் கண்டது என்ன என்பதை உணர்ந்தனர். ஒருமுறை எழுதியதோடு நில்லாமல், திரும்பத் திரும்பச் சென்று பார்த்தனர். திரும்பத் திரும்ப எழுதினர். நாடகத்தை நிறுத்திவிடலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே சீட்டுகள் விற்கத் தொடங்கின. விமர்சனம் ஒரு கலைப்படைப்பைக் காப்பாற்றியதற்குச் சான்று கேட்போர்க்கு இதைக் காட்டலாம். (நம் சூழலில் இத்தகைய சான்றுகள் அரிது என்பதை எழுதாமல் விட மனம் வரவில்லை.)

வில்லியம்ஸின் தாய் எட்வினா சிகாகோவுக்கு வந்து நாடகம் பார்த்தார். மேடைக்குப் பின்னால் லாரட் அவரிடம், உங்களை உங்களுக்குப் பிடித்ததா என்று கேட்டாராம். வில்லியம்ஸே பின்னர் எழுதிய செய்தி இது. இந்நாடகத்தின் வருவாயில் பாதியை அவர் தாயின் பெயருக்கு எழுதிவைத்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1945 மார்ச் 31, சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர், லாரட்டின் 62ஆம் பிறந்தநாளும் அதுவே. நியூயார்க்கின் பிளேஹவுஸ் அரங்கு. அன்று முழுதும் லாரட் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். மேடையின் ஓரத்தில் வாளி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. காட்சிகளுக்கிடையே திரை மறைவில் வந்து அதில் குனிவார். முறை வந்ததும் மேடைக்குள் நுழைவார். நுழைந்தபின் நோயின் சுவடு எதுவும் இல்லை. நாடகம் முடிந்து இருபத்து நான்கு முறைக்குக் குறையாமல் திரை உயர்ந்து தாழ்ந்தது. நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் பரிசு கிடைத்தது. 563 காட்சிகள் நடந்தன.

*

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். சாட்சிகள் என்ன சொல்கின்றனர்?

பழைய மாநடிகர்களைப் பற்றிய குறிப்புகளைப் படித்தால், அவர்கள் செய்தவை தெளிவாக இருக்கும். இந்தக் காட்சியில் சாரா பெர்னார் இப்படித் திரும்பினார், இந்தச் சொல்லில் குரலை உயர்த்தினார் என்று எழுதியிருப்பார்கள். லாரட்டைப் பற்றிய சாட்சியங்களில் அத்தகைய விவரணை மிகக் குறைவு. அவர் ஒன்றுமே செய்யவில்லை என்கின்றனர். கேட்டுக்கொண்டிருந்தார் என்கின்றனர். அப்போதுதான் நினைத்துச் சொல்வதுபோல் பேசினார் என்கின்றனர். விருந்தாளியை வரவேற்க அமண்டா தன் இளமைக்காலத்து ஆடையை அணிந்து வரும் காட்சியில், அந்த முதியவளுக்குள் ஒரு சிறுமியைக் கண்டோம், அது எப்படி நிகழ்ந்தது என்று தெரியவில்லை என்கின்றனர். வில்லியம்ஸ்கூட அவருடைய கலையை விளக்க முயன்று, ஏதோ ஓர் ஒளி என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார்.

முதலில் இது நமக்குக் குறையாகவே பட்டது. இத்தனை பேர் பார்த்தும் ஒருவராலும் சொல்ல இயலவில்லையே என்று எண்ணினோம். ஆனால் 1914ஆம் ஆண்டுக் கட்டுரையை அருகில் வைத்துப் பார்த்தால், இந்த விவரிக்க இயலாமையே வலுவான சான்றாகிவிடுகிறது. செய்கையாகப் பிரித்தெடுக்க எதுவும் எஞ்சாத நடிப்பை நோக்கியே அவர் போய்க்கொண்டிருந்தார். சாட்சிகள் ஒரே சொற்களை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் அல்லர். 1945இல் மறுநாள் காலைக்குள் எழுதிய விமர்சகரும், 1955இல் எழுதிய மகளும், 1973இல் எழுதிய ஆசிரியரும், 2003ஆம் ஆண்டுப் படத்தில் பேசிய கிழவர்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்தில் சொன்னவர்கள். நினைவு மிகைப்படுத்தும்தான். மிகைப்படுத்துகிற நினைவு பெரும்பாலும் பெரிய செய்கையை மிகைப்படுத்தும். ஒன்றும் செய்யாததை ஐம்பது ஆண்டுகள் சுமந்துகொண்டு திரிவதில்லை.

லாரட்டைப் பின்னர் பிடித்துவிட முயன்றவர்கள் தோற்றனர். 1950இல் ‘கிளாஸ் மெனாஜரி’ படமானபோது அமண்டாவாக நடித்தவர் ஜெர்ட்ரூட் லாரன்ஸ். முடிவில் லாராவுக்கு நம்பிக்கைக் கீற்று ஒன்றையும் ஒட்டவைத்தனர். 1960இல் மகளின் நூலைக் கொண்டு எழுதப்பட்ட நாடகத்தில் லாரட்டாக ஜூடி ஹாலிடே நடித்தார். அவர் நோயுற்றதால் நாடகம் பிலடெல்பியாவிலேயே நின்றது, நியூயார்க் வரவில்லை. 1963இல் லாரட்டின் இளமைக் காலத்தைத் தழுவி, மேரி மார்ட்டின் நடிக்க ‘ஜென்னி’ என்றோர் இசை நாடகம் வந்தது. அதுவும் விரைவில் மறைந்தது. அமண்டா வேடத்தை மட்டும் ஹெலன் ஹேய்ஸ், கேதரின் ஹெப்பர்ன், ஜெசிகா டாண்டி, ஜோன் வுட்வர்ட் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் ஏற்றுக்கொண்டே வந்தனர். அந்த வேடத்தை ஏற்போர் எவராயினும், லாரட்டைப் பார்த்த யாரோ ஒருவர் அவையில் அமர்ந்திருப்பார் என்ற அச்சம் நெடுங்காலம் இருந்திருக்க வேண்டும்.

நாடகம் 1946 ஆகஸ்டில் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 7 அன்று லாரட் இதயநோயால் இறந்தார். அவருடைய இரண்டு மறுவருகைகளையும் கண்ட பிளேஹவுஸ் அரங்கை 1969இல் இடித்துவிட்டனர். ‘பெக்’கால் திறந்துவைக்கப்பட்ட கோர்ட் அரங்கு இன்றும் இருக்கிறது, 2022இல் அதற்கு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் பெயரைச் சூட்டினார்கள்.

செல்ஸ்னிக் எடுத்து ஒதுக்கிய அந்தச் சோதனைப் படத்தின் ஒரு பகுதியை மெக்கேயின் ஆவணப்படத்தில் காணலாம். மிகச் சிறிய துண்டு. ஒரு முதியவள் பேசுகிறாள், நடிப்பதாகவே தெரியவில்லை.